பட்டியலை எழுதும் முன்: கடம்பத்தூரிலிருந்து பொறியியல் கல்லூரிக்கு

பிளஸ் டூ முடிவு வெளியாகும் வாரத்தில், சில வீடுகளில் அதற்கும் முன்பே, போன் வரத் தொடங்கிவிடும். "உங்க பையனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஒரு சீட்டு இருக்கு சார். இன்னைக்கே பத்தாயிரம் கட்டி பிளாக் பண்ணிடுங்க, நாளைக்கு இருக்காது." பேசுபவர் குரலில் அக்கறை தெரியும். வீட்டில் முதல்முறையாக ஒரு பிள்ளை பொறியியல் படிக்கப்போகிறது என்றால் அந்தக் குரலை நம்பாமல் இருப்பது கடினம். இந்த அத்தியாயத்தைப் படிக்க நேரமில்லாதவர்கள் இரண்டே காரியங்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரசுக் கலந்தாய்வில் உங்கள் முறை முடியும்வரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம். மூலச் சான்றிதழ்களை யார் கையிலும் கொடுக்க வேண்டாம்.

நாளைக்கும் சீட்டு இருக்கும். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கலந்தாய்வு முடிந்த பின்பும் ஒவ்வோர் ஆண்டும் பல்லாயிரம் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. ஆகவே இடம் கிடைக்குமா என்று அஞ்ச வேண்டியதில்லை. கிடைக்கும் இடங்களில் எது நம் பிள்ளையின் நான்கு ஆண்டுகளுக்குத் தகுதியானது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கல்லூரியின் பெயர்ப்பலகையை வைத்து முடிவு செய்ய முடியாது. துறையைப் பார்த்து, பாடம் நடத்துகிறவர்களைப் பார்த்து, வீட்டிலிருந்து போய்வரும் வழியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். இவை மூன்றையும் நீங்களே நேரில் பார்த்துவிடலாம்.

பட்டம் யாருடையது?

"எந்த யுனிவர்சிட்டி?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நம் பகுதியில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான். கிண்டியில் படித்தாலும், கவரைப்பேட்டையில் படித்தாலும், திருநின்றவூரில் படித்தாலும் பட்டம் தருவது அண்ணா பல்கலைக்கழகம். 1978இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அதன் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் கிண்டி பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949இல் தொடங்கியது. இவையும் கிண்டி வளாகத்து ஏ.சி. டெக்கும் பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகள். கட்-ஆஃப் மிக உயரத்தில் நிற்பதும் இங்கேதான்.

அடுத்து அரசுக் கல்லூரிகளும் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளும் வருகின்றன. கடம்பத்தூர்க்காரர்கள் பலர் இவற்றைக் கவனிப்பதே இல்லை. அரக்கோணம் போய் வண்டி மாறினால் காட்பாடி. வேலூர் பாகாயத்தில் தந்தை பெரியார் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. காஞ்சிபுரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரிகளைவிட இவற்றில் கட்டணம் மிகவும் குறைவு. தெருவில் நாலு பேருக்குப் பெயர் தெரியாது என்பதற்காக இவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, விளம்பரப் பலகை வைத்திருக்கும் கல்லூரிக்கு ஆண்டுக்கு லட்சத்துக்கு மேல் கட்டுவது குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

பிறகு தனியார் சுயநிதிக் கல்லூரிகள். இவற்றில் சில ஆட்டோனமஸ், அதாவது பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் தாங்களே அமைத்துக்கொள்பவை. அங்கேயும் பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையதுதான். ஆட்டோனமஸ் என்றாலே நல்ல கல்லூரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆசிரியர்கள் உழைக்கிற கல்லூரிக்கு அந்தச் சுதந்திரம் கிடைத்தால் பாடம் காலத்தோடு ஓடும். உழைக்காத கல்லூரியில் வினாத்தாள் எளிதாகும், மதிப்பெண் கூடும், வேலைக்கான நேர்காணலில் உட்காரும்போது பிள்ளைக்கு ஒன்றும் வராது. போன பருவத்தின் இரண்டு வினாத்தாள்களை அங்கே படிக்கும் மாணவரிடம் வாங்கி, உங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். அரை மணி நேரத்தில் தரத்தைச் சொல்லிவிடுவார்.

கடைசியாக நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், டீம்டு என்று எல்லோரும் சொல்வது. இவை தமக்கென்று நுழைவுத்தேர்வோ சேர்க்கை முறையோ வைத்துக்கொண்டு, சொந்தக் கட்டணம் வாங்கி, சொந்தப் பட்டம் தருகின்றன. அரசுக் கலந்தாய்வுக்கும் இவற்றுக்கும் தொடர்பு கிடையாது. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடும், முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் இங்கே செல்லாது.

நம் ஊர்க் குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஆவடியில் வேல்டெக் என்று சொன்னால் அது ஒரு கல்லூரி அல்ல. ஒன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். வேல்டெக் ஹைடெக், வேல்டெக் மல்டிடெக் இரண்டும் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த, கலந்தாய்வில் வரும் கல்லூரிகள். தண்டலத்தில் சவீதா பொறியியல் கல்லூரி கலந்தாய்வில் வருகிறது. அதே பெயரில் அங்கேயே இருக்கும் சவீதா ஸ்கூல் ஆஃப் இன்ஜினியரிங் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கவரைப்பேட்டைப் பக்கம் ஆர்.எம்.கே., ஆர்.எம்.டி., புதுவாயலில் இன்னொரு ஆர்.எம்.கே. என மூன்று தனித்தனிக் கல்லூரிகள். பெயரும் நிர்வாகமும் ஒன்றாக இருக்கலாம். ஆசிரியர்கள் வேறு, தேர்ச்சி விழுக்காடு வேறு, கட்-ஆஃப் வேறு. கலந்தாய்வில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. விசாரிக்கும்போதும் குறித்துக்கொள்ளும்போதும் அந்த எண்ணையே பயன்படுத்துங்கள், பெயரை நம்பாதீர்கள்.

பணக் கணக்கு

தனியார் கல்லூரியில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் ஆண்டுக்கு 50,000 ரூபாய், தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற பிரிவென்றால் 55,000 ரூபாய் என்று கட்டண நிர்ணயக் குழு 2017இல் வரையறுத்தது. அதே வகுப்பில் அதே பெஞ்சில் நிர்வாக ஒதுக்கீட்டில் உட்கார 85,000, 87,000. இது காகிதத்தில் உள்ள தொகை. குழு அவ்வப்போது திருத்தும் என்பதால் நீங்கள் சேரும் ஆண்டின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேருந்துக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடை, லேப் கோட்டு என்று தனியாக வரும் தொகைகளை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், மற்ற எதையும் யோசிப்பதற்கு முன் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டை முழுதாகப் புரிந்துகொள்ளுங்கள். 2021இல் சட்டமாகி, பொறியியலுக்கும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெற்றால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. விடுதிக் கட்டணமும் என்பதை அழுத்தி வாசியுங்கள். கடம்பத்தூர், பேரம்பாக்கம், திருவாலங்காட்டு அரசுப் பள்ளிப் பிள்ளை கோவையிலோ மதுரையிலோ காரைக்குடியிலோ விடுதியில் தங்கிப் படிப்பதற்கு வீட்டில் பணம் இல்லை என்ற காரணம் இனி இல்லை. இதற்கு மேல் மாதம் ஆயிரம் ரூபாய் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் வங்கிக் கணக்குக்கு வரும்.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை. "பொம்பளப் புள்ள, பக்கத்துலயே போட்ரலாம்" என்று முடிவெடுக்கும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். கட்-ஆஃப் 190க்கு மேல் எடுத்த பெண் கிண்டியையோ கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியையோ பட்டியலில் எழுதாமல், பஸ் வாசலுக்கு வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தனியார் கல்லூரியை முதலில் எழுதுவது எனக்கு வலிக்கிறது. பெண்கள் விடுதி இல்லாத அரசுக் கல்லூரி என்று பயப்பட வேண்டிய நிலை இன்று இல்லை. ஒரு நாள் அவளோடு போய் விடுதியைப் பாருங்கள், காப்பாளரிடம் பேசுங்கள், அங்கே தங்கியிருக்கும் பெண்களிடம் சாப்பாடு முதல் பாதுகாப்பு வரை கேளுங்கள். பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் அது ஒரு முடிவு. பார்க்காமலே வேண்டாம் என்பது அவளுடைய மதிப்பெண்ணை அவளிடமிருந்து பறிப்பது.

கடன் வாங்க வேண்டியிருந்தால், 7.5 லட்சம் ரூபாய்வரை சொத்துப் பிணை இல்லாமல் கல்விக்கடன் கேட்கலாம். வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணை கையில் இருந்தால் வங்கியில் பேச்சு எளிதாகும். நிர்வாக ஒதுக்கீடு என்றால் சில வங்கிகள் தயங்கும்.

ரயில் வழியும் பஸ் வழியும்

வரைபடத்தில் கடம்பத்தூரும் கவரைப்பேட்டையும் ஒரே மாவட்டம். ரயிலில் அவை இரண்டு தனி உலகங்கள். நம் அரக்கோணம் மார்க்கமும் கும்மிடிப்பூண்டி மார்க்கமும் பேசின் பிரிட்ஜில்தான் சந்திக்கின்றன. கடம்பத்தூர்ப் பிள்ளை கவரைப்பேட்டைக் கல்லூரிக்கு ரயிலில் போக வேண்டுமானால் சென்னைவரை இறங்கி, வண்டி மாறி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். கல்லூரிப் பேருந்து இல்லாமல் இது நடக்காது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரிக்காரர்களுக்கோ அதே கல்லூரி கைக்கெட்டும் தூரம்; அவர்களுக்குத் திருநின்றவூரும் பூந்தமல்லியும்தான் தொலைவு. ஆகவே பக்கத்து ஊர்க்காரர் சேர்த்திருக்கிறார் என்பதற்காக நீங்களும் சேர்க்காதீர்கள். அவர் எந்த மார்க்கத்தில் இருக்கிறார் என்று பாருங்கள்.

நம் மார்க்கத்திலேயே வேப்பம்பட்டு, திருநின்றவூர், ஆவடி, அம்பத்தூர் என்று ரயிலடியிலும் அதற்குச் சற்றுத் தள்ளியும் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர் சலுகை சீசன் டிக்கெட்டின் விலையைக் கல்லூரிப் பேருந்துக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே ஆண்டுக்கு எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். மணவாள நகரிலிருந்து பூந்தமல்லி சாலையில் அரண்வாயல்குப்பம் பிரத்யூஷா, அதற்கப்பால் பனிமலர். மப்பேடு வழியாகத் தெற்கே போனால் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர். பென்னலூரில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா, தண்டலத்தில் ராஜலட்சுமி, சவீதா. இவற்றுக்கெல்லாம் பேருந்துதான். கல்லூரிப் பேருந்து கடம்பத்தூருக்குள் வருகிறதா, மணவாள நகரோடு நின்றுவிடுகிறதா என்று கேளுங்கள். "திருவள்ளூர் ரூட்டு இருக்கு" என்று மொத்தமாகச் சொல்வார்கள். நிறுத்தத்தின் பெயரையும் காலையில் வண்டி வரும் நேரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கிண்டிக்கும் குரோம்பேட்டைக்கும் தினமும் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். சென்ட்ரல்வரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், பார்க் நிலையத்தில் மாறி அதற்குமேல் ஒரு பயணம். ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் போய்விடும். முதல் ஆண்டில் கணக்கும் இயற்பியலும் புதிதாகக் கணினி நிரலும் ஒரே நேரத்தில் வந்து விழும். பகலெல்லாம் வகுப்பு, இரவு எட்டரைக்கு வீடு, மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்றால் அந்தப் பிள்ளை எப்போது படிக்கும்? ஒருவழிப் பயணம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் விடுதியை யோசியுங்கள். விடுதிக்கு வழியில்லை, கல்லூரி நல்லது என்றால், முதல் இரண்டு பருவத்துக்காவது சென்னையில் உறவினர் வீடு கிடைக்குமா என்று பாருங்கள். அரியர் விழுவது பெரும்பாலும் அந்த முதல் ஆண்டில்தான்.

துறையைப் பார்ப்பது

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்கிறோம், உண்மையில் பிள்ளை சேர்வது ஒரு துறையில். மெக்கானிக்கலில் முப்பது ஆண்டு அனுபவமுள்ள பேராசிரியர்கள் இருக்கும் கல்லூரியில், சில ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் நேற்றுச் சேர்ந்தவர்கள் மட்டும் இருக்கலாம். அங்கீகாரத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நாக் என்பது கல்லூரி முழுமைக்கும் தருவது. தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ. தருவது ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு. வாசலில் மூன்றே எழுத்தில் எழுதியிருப்பதை நம்பாமல், நீங்கள் சேரும் பிரிவுக்கு, இந்த ஆண்டில், அது இருக்கிறதா என்று வாரியத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு அணி மாணவர்கள் படித்து வெளியேறிய பிறகே ஒரு பிரிவு அதற்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால், மிகப் புதிய பிரிவுகளுக்கு அது இருக்காது.

ஆசிரியர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது தொழில்நுட்பக் கல்விக்கான தேசியக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. ஒரு செக்‌ஷனுக்கு 60 பேர், நான்கு ஆண்டுக்கு 240 பேர். அப்படியானால் ஒரு செக்‌ஷன் நடத்த 12 ஆசிரியர்கள் வேண்டும். ஒரு பிரிவில் எத்தனை பேர் சேரலாம் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. 2024-25 முதல் நீக்கிவிட்டது. அதன்பின் பல கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் செக்‌ஷன்கள் பெருகின. நான்கு செக்‌ஷன் இருக்கிற துறையின் இணையதளப் பக்கத்தில் ஆசிரியர் பட்டியலை எண்ணிப் பாருங்கள். 48க்குப் பக்கத்தில் வருகிறதா?

பட்டியலில் பெயர் இருந்தால் ஆள் இருக்கிறார் என்று நினைத்துவிடவும் முடியாது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட தகவல்களை நினைத்துப் பாருங்கள். ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இது நடந்திருந்தது, அண்ணா பல்கலைக்கழகம் விசாரணையில் இறங்கியது. எனவே கல்லூரிக்கு நேரில் போய்விடுங்கள். சேர்க்கை விழா நடக்கும் சனிக்கிழமையில் அல்ல, சாதாரண வேலைநாளில். வரவேற்பறையில் காப்பி கொடுத்து உட்கார வைப்பார்கள், ஒரு புன்னகைக்கும் இளைஞர் வளாகத்தைச் சுற்றிக்காட்டுவார். அதை முடித்துக்கொண்டு வெளியே வந்து, கல்லூரி விடும் நேரத்தில் பேருந்து நிறுத்தத்திலோ ரயிலடியிலோ நில்லுங்கள். உங்கள் துறையின் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் பேசுங்கள். முதல் பருவத்தில் கணக்கு எடுத்தவர் இப்போதும் இருக்கிறாரா? ஒரு பாடத்துக்கு நடுவில் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள்? லேப் நேரத்தில் ஒரு மெஷினுக்கு எத்தனை பேர்? வகுப்பில் அரியர் இல்லாதவர்கள் எத்தனை பேர்? நம் பிள்ளைகள் பொய் சொல்ல மாட்டார்கள். தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, முதல் ஆண்டு எப்படிப் போனது என்று கட்டாயம் கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவிலும் மெக்கானிக்கலும் 2010 முதல் தமிழ்வழியிலும் நடக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

இணைப்புக் கல்லூரிகளின் பருவத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. ஒரே பருவத்தை மட்டும் பார்க்காமல் அடுத்தடுத்து நான்கைந்து பருவங்களைப் பாருங்கள். ஏறி இறங்காமல் நிலையாக இருப்பதே நல்ல அடையாளம்.

பிளேஸ்மென்ட் பற்றிய பேச்சில் உச்சச் சம்பளத்தைக் காதில் வாங்காதீர்கள். அது ஒருவருக்குக் கிடைத்தது. மூன்று நிறுவனத்தில் தேர்வான ஒரே மாணவரை மூன்று வேலைவாய்ப்பு என்று எண்ணுவதும் உண்டு. தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.இல் கலந்துகொள்ளும் கல்லூரிகள், தாம் சமர்ப்பித்த விவரத்தைத் தம் இணையதளத்திலும் போட வேண்டும். எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று அதில் இருக்கும். விளம்பரத்தில் உள்ள எண்ணையும் அந்த ஆவணத்தில் உள்ள எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எந்தப் பிரிவு?

இதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். ஆனால் நம் ஊரைச் சுற்றி என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு சொல்லட்டும். மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர், காக்களூரில் தொழிற்பேட்டை, ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, பெரம்பூரில் ஐ.சி.எஃப்., தெற்கே இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், ஒரகடம், வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், எண்ணூர் அசோக் லேலண்ட். மப்பேட்டில் பல்வகைச் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். இயந்திரத்தில் கைவைத்துப் பழக ஆசைப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஊர் தமிழ்நாட்டில் அதிகம் கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளையை எல்லோரும் போகிறார்கள் என்று கம்ப்யூட்டர் சயின்ஸில் தள்ளாதீர்கள். மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ பிரிவுகளில் கட்-ஆஃப் குறைவாக இருப்பதால், அதே மதிப்பெண்ணுக்கு இன்னும் நல்ல கல்லூரியும் கிடைக்கும்.

உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலை வாசலில் ஆள் எடுக்கும்போது ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களுக்குத்தான் இடம் அதிகம். பி.இ. படித்தவர்களைக் குறைவாகவே, பயிற்சிப் பொறியாளராக எடுப்பார்கள். தொடக்கச் சம்பளம் மென்பொருள் நிறுவனத்தைவிடக் குறைவாக இருக்கலாம். தரமணியிலுள்ள தொழிற்பயிற்சி வாரியம் வழியாக ஓராண்டு அப்ரண்டிஸாகச் சேரும் வழி உண்டு. அந்த ஓராண்டு அனுபவம் அடுத்த வேலைக்குக் கதவைத் திறக்கிறது. இந்தப் பாதை பிடித்திருக்கிறது, ஆனால் பிளஸ் டூ மதிப்பெண் ஒத்துழைக்கவில்லை என்றால், ஆவடி முருகப்பா பாலிடெக்னிக் போன்ற இடத்தில் டிப்ளமோ முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். மதிப்பெண் குறைந்தவருக்கு வேறு வழியின்றிக் கொடுக்கும் ஆறுதலாக இதை நினைக்க வேண்டாம். கைத்தொழில் தெரிந்து பட்டமும் வாங்கியவரைத் தொழிற்சாலைகள் விரும்புகின்றன.

புதிய பெயருள்ள பிரிவுகளில் சேர்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பின்னாளில் அரசுப் பணித் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், எந்தெந்தப் பட்டங்கள் செல்லும் என்று தேர்வாணைய அறிவிக்கையில் எழுதியிருப்பதைச் சேர்வதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

பட்டியலை எழுதுவது

கட்-ஆஃப் கணக்கு எளிது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. கணக்கில் 85, இயற்பியலில் 78, வேதியியலில் 82 எடுத்த பிள்ளைக்கு 85, 39, 41 கூட்டினால் 165. நுழைவுத்தேர்வு 2007இலேயே போய்விட்டது, இந்த எண்தான் எல்லாம். ஆனால் சென்ற ஆண்டின் கட்-ஆஃபோடு இந்த ஆண்டின் கட்-ஆஃபை ஒப்பிடாதீர்கள். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் எல்லோருடைய மதிப்பெண்ணும் ஏறும். தரவரிசை எண் வந்ததும், சென்ற ஆண்டில் அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவு, உங்கள் வகுப்பினருக்கு எந்தத் தரவரிசைவரை கிடைத்தது என்று பாருங்கள். கலந்தாய்வு இணையதளத்தில் அந்த விவரம் இருக்கும்.

2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. விருப்பப் பட்டியலில் எத்தனை இடம் வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் தரவரிசையின் முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து படிக்கும். முதலாவது காலியாக இருந்தால் அது உங்களுக்கு. இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது என்று இறங்கும். நமக்குக் கிடைக்காது என்று தோன்றும் ஒரு கல்லூரியை உச்சியில் எழுதுவதால் கீழே உள்ள எதையும் இழக்க மாட்டீர்கள். ஆகவே ஆசையின் வரிசையிலேயே எழுதுங்கள். நிச்சயம் கிடைக்கும் என்று நினைக்கும் கல்லூரியைப் பாதுகாப்புக்காக முதலில் எழுதினால் அதுதான் கிடைக்கும், அதற்கு மேலானது காலியாக இருந்தாலும் உங்களுக்கு வராது. இந்தத் தவற்றால் நல்ல கல்லூரியைக் கைவிட்ட பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

ஐந்தாறு இடம் எழுதி நிறுத்தவும் வேண்டாம். ஐம்பது, அறுபது எழுதலாம். ஆனால் சேர மனமில்லாத ஒன்றைக்கூட எண்ணிக்கைக்காகச் சேர்க்கக் கூடாது. கல்லூரி, பிரிவு என்று இணைத்து எழுத வேண்டும் என்பதால், பிள்ளையும் பெற்றோரும் ஒரு மாலை உட்கார்ந்து ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: நல்ல கல்லூரியில் இரண்டாம் விருப்பப் பிரிவா, சுமாரான கல்லூரியில் முதல் விருப்பப் பிரிவா? என் கருத்து, ஆசிரியர்கள் நிலையாக இருக்கும் கல்லூரியில் இரண்டாம் விருப்பப் பிரிவுக்குத்தான் முன்னுரிமை தர வேண்டும். அந்தப் பிரிவைப் பிள்ளை வெறுக்காமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

பட்டியலைக் கையால் ஒரு நோட்டில் எழுதி, குறியீட்டு எண்ணைச் சரிபார்த்து, பிறகே கணினியில் ஏற்றுங்கள். பிரவுசிங் சென்டர்காரர் எழுதித் தரும் ஆயத்தப் பட்டியல் வேண்டாம். உங்கள் கடவுச்சொல்லை அவரிடம் விட்டுவரவும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் மாவட்ட உதவி மையத்துக்குப் போங்கள், அங்கே கட்டணம் இல்லாமல் உதவுவார்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், தவறினால் அந்த இடம் போய்விடும். ஏற்றுச் சேர்கிறேன் என்று சொல்லலாம். ஏற்கிறேன், ஆனால் பட்டியலில் இதற்கு மேலுள்ளது காலியானால் அதைக் கொடுங்கள் என்றும் சொல்லலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து மேலுள்ளது கிடைத்துவிட்டால், பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. பட்டியலின் வரிசை உண்மையான ஆசை வரிசையாக இருந்தால் இதில் பயப்பட ஒன்றுமில்லை.

ஒதுக்கீட்டு ஆணை வந்த பின், ஆணையில் சொன்ன நாளுக்குள் கல்லூரிக்குப் போய்க் கட்டணம் கட்டுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை மே மாதத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவைத்துவிட்டால், அந்த வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்காது. எல்லாவற்றுக்கும் ஐந்தாறு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சரிபார்த்த பிறகு மதிப்பெண் பட்டியல்களின் மூலத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். கல்லூரி அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. சொல்லியிருக்கிறது. தர மறுத்தால் கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள்.